வாங்காத கடனுக்கு வழக்காடுவது

2022 ஏப்ரலில் இந்தி நடிகர் ராஜ்குமார் ராவ் ட்விட்டரில் ஒரு புகார் எழுதினார். தன் பான் எண்ணை வைத்து யாரோ 2,500 ரூபாய் கடன் வாங்கிவிட்டார்கள், அதனால் தன் சிபில் மதிப்பெண் அடிவாங்கியிருக்கிறது, சரிசெய்யுங்கள் என்பது அதன் சாரம். அதற்கு இரண்டு மாதம் முன்பு நடிகை சன்னி லியோனியும் தன் பெயரில் எடுக்கப்பட்ட 2,000 ரூபாய்க் கடன் பற்றி இதேபோல் எழுதியிருந்தார். அவருடைய விவகாரம் வேகமாகத் தீர்ந்தது. பல லட்சம் பேர் பின்தொடரும் ஒருவர் பொதுவெளியில் கேட்டால் எந்த நிறுவனமும் உடனே நிமிர்ந்து உட்காரும். பின்தொடர ஆளில்லாத ஒரு தையல்காரருக்கோ பள்ளி ஆசிரியைக்கோ இது நேர்ந்தால் சட்டம் என்ன வழி வைத்திருக்கிறது? சட்டத்தை எடுத்து வாசித்தால் ஏமாற்றமே மிஞ்சுகிறது.

முதலில் இந்த ஏற்பாடு வந்த கதை. கடன் வாங்குபவரின் பழைய நடத்தையை எல்லா வங்கிகளும் ஒரே இடத்தில் பார்க்க முடியவேண்டும் என்ற யோசனை 1990களின் இறுதியில் வலுப்பட்டது. ரிசர்வ் வங்கி அமைத்த சித்திக்கி குழு 1999இல் அதைப் பரிந்துரைத்தது. 2000இல் சிபில் பிறந்தது. 2004இல் தனிநபர் கடன் விவரங்களை வழங்கத் தொடங்கியது. நாடாளுமன்றம் 2005இல் கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டத்தை இயற்றியது. அது 2006 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இன்று நாட்டில் இப்படி நான்கு நிறுவனங்கள் உள்ளன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். நான்குமே தனியார் நிறுவனங்கள். ஆனால் மக்கள் வாயில் நான்குக்கும் சேர்த்து ஒரே பெயர்தான், சிபில். அரசு அலுவலகம் என்றே பலர் அதை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிபில் எவ்வளவு வெளிப்படையாக இயங்குகிறது என்று சிவகங்கை நாடாளுமன்ற உறுப்பினர் கார்த்தி சிதம்பரம் 2024 டிசம்பரில் மக்களவையில் கேள்வி எழுப்பியபோது, அது தனியார் நிறுவனம் என்ற செய்தியே பலருக்குப் புதிதாக இருந்திருக்கும்.

2015 முதல் ஒவ்வொரு கடன் நிறுவனமும் இந்த நான்கிலும் உறுப்பினராக இருந்தாக வேண்டும். விவரங்களை மாதம் ஒருமுறை அனுப்பிவந்தது போய், 2025 ஜனவரி முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்றாயிற்று. தவணை தேதியைத் தாண்டி எத்தனை நாள் கடந்தது என்பது நாள் கணக்காகவே பதிவாகிறது. தொண்ணூறு நாள் கடந்தால் வாராக்கடன். பாதிப் பணம் கட்டிப் பேசித் தீர்த்தால் ‘செட்டில்டு’ என்ற முத்திரை விழும். வங்கி கணக்கிலிருந்து நீக்கினால் ‘ரிட்டன் ஆஃப்’. இவற்றையெல்லாம் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. 2022இல் டிஜிட்டல் கடன்களுக்கான வழிகாட்டுதல் வந்தபோது, எவ்வளவு சிறிய தொகையானாலும், எவ்வளவு குறுகிய காலத்துக்கானாலும், செயலி வழியாகக் கொடுத்த கடன் அனைத்தையும் தெரிவித்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அந்த 2,500 ரூபாய் போன்ற சிறு கடன் ஒருவரின் மதிப்பெண்ணைத் தொடுவது எப்படி என்று வியக்க இனி ஒன்றுமில்லை.

இந்தக் குழாயில் தண்ணீர் ஒரு பக்கமாக மட்டுமே ஓடும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கைமாற்றாகக் கொடுத்த ஐம்பதாயிரத்தை அவர் திருப்பித் தரவில்லை என்று நீங்கள் சிபிலில் புகார் செய்ய முடியாது. சரக்கு எடுத்துவிட்டுப் பணம் தராத பெரிய கம்பெனியைப் பற்றி ஒரு சிறு தொழில் முனைவோரும் தெரிவிக்க முடியாது. அவருக்கு வேறு அரசு இணையதளங்களும் நீதிமன்றமும்தான். தெரிவிக்கும் உரிமை சட்டம் அங்கீகரித்த கடன் நிறுவனங்களுக்கே உண்டு. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் யாரையும் கடன்காரர் என்று எழுதிவைக்க முடிந்தால், கந்துவட்டிக்காரர்கள் அதையே முதல் ஆயுதமாக எடுப்பார்கள். ஆனால் எழுதும் உரிமை ஒரு தரப்பிடம் மட்டும் இருக்கும்போது, அந்தத் தரப்பு தவறாக எழுதினால் அழிக்கும் உரிமை யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வி கூடவே வருகிறது.

தவறு நுழையும் வாசல்கள் பல. ஒன்று, ஆள் அடையாளத்தில் வரும் குழப்பம். ஒரு கடனை எந்த மனிதரின் கணக்கில் சேர்ப்பது என்பதைப் பெயர், பிறந்த தேதி, பான் எண், கைபேசி, முகவரி ஆகியவற்றை ஒப்பிட்டுக் கணினி முடிவுசெய்கிறது. குடும்பப் பெயர் உள்ளவர்களை மனத்தில் வைத்து உருவான முறை இது. தமிழ்நாட்டில் நமக்கு இருப்பது முதலெழுத்து. பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் கட்டாயம் என்பதால் ஒருவர் அங்கே அப்பா பெயரை எழுதுகிறார், இன்னொருவர் தன் பெயரையே எழுதுகிறார். ஆதாரில் முதலெழுத்து பின்னால், ரேஷன் அட்டையில் முன்னால், வங்கிக் கணக்கில் இல்லவே இல்லை. செல்வி, முருகன், லட்சுமி, சரவணன் என்ற பெயர்கள் ஒரே தெருவில் நாலைந்து இருக்கும் ஊர்களில், முகவரியும் கதவு எண் இல்லாமல் ‘மாரியம்மன் கோயில் தெரு’ என்று மட்டும் இருந்தால், ஒருவர் கடன் மற்றவர் அறிக்கையில் ஏறுவது பெரிய அதிசயமல்ல.

இரண்டாவது வாசல், அறிந்தவர்கள் செய்வது. நுண்கடன் துறையை ஆராய்ந்து 2011இல் அறிக்கை தந்த மாலேகம் குழு, ‘பேய்க் கடனாளிகள்’ பிரச்சினையையும் எடுத்துப் பேசியது. மகளிர் குழுக் கடன்கள் ஓடும் ஊர்களில் இதை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் பெயரில் கடன் எடுத்து வேறொருவர் செலவழிப்பார். கேட்டால் ‘நான் கட்டிடறேன் அக்கா’ என்பார். தவணை நின்றால் அறிக்கையில் நிற்பது கையெழுத்துப் போட்டவரின் பெயர். இதை அடையாளத் திருட்டு என்று சட்டப்படி நிறுவுவது மிகக் கடினம், கையெழுத்து உண்மையானது என்பதால்.

மூன்றாவதுதான் முழுத் திருட்டு. இதில் 2023 மார்ச்சில் டெல்லி காவல்துறை வெளிப்படுத்திய வழக்கு பாடப்புத்தகம் போன்றது. மகேந்திர சிங் தோனி உள்ளிட்ட பிரபலங்களின் பான் விவரத்தைக் கொண்டு ஒரு கும்பல் கிரெடிட் கார்டுகள் வாங்கியிருந்தது. பான் எண் எப்படிக் கிடைத்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. எந்த ரகசியக் கிடங்கையும் அவர்கள் உடைக்கவில்லை. பொதுவெளியில் கிடைத்த ஜிஎஸ்டி எண்களிலிருந்து எடுத்தார்கள். பதினைந்து இலக்க ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, அடுத்த பத்தும் பான் எண். தமிழ்நாட்டில் எந்த ரசீதை எடுத்தாலும் 33க்குப் பிறகு வருவது அதுதான். கம்பெனி என்றால் கம்பெனியின் பான். தனி ஒருவர் நடத்தும் கடை என்றால் அந்தக் கடைக்காரரின் சொந்த பான். ஜிஎஸ்டி எண்ணைக் கடையின் பெயர்ப்பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்பதும் விதி. கடன் உலகில் ஒருவரை அடையாளம் காட்டும் முதன்மை எண்ணை, அவர் கடை வாசலில் பெயின்ட் அடித்து எழுதச் சொல்லும் நாட்டில் இருக்கிறோம். பான் எண் தெரிந்தவரெல்லாம் அந்த ஆளாகிவிட முடியாதபடி தடுப்பது கடன் கொடுப்பவரின் வேலை. அதில் அவர் சோம்பினால் விளைவு அவருக்கு 2,500 ரூபாய் நஷ்டம், உங்களுக்கு ஏழு ஆண்டு கறை.

கறை என்பது மிகையான சொல் இல்லை. கடன் அறிக்கையில் பாதகமான பதிவுகள் இருந்ததைக் காட்டி ஸ்டேட் வங்கி ஒருவருடைய பணி நியமனத்தை ரத்துசெய்தது; சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் அது சரியே என்றது. குறைந்த மதிப்பெண்ணைக் காரணம் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது. அதே 2025இல் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கும் சிபில் பார்க்கப்படும் என்ற பேச்சு எழுந்ததும் விவசாயிகள் கொதித்தார்கள், கட்சிகள் அறிக்கை விட்டன. கடன் கொடுக்கலாமா என்று பார்க்க உண்டான ஒரு தாள், வேலைக்கும் படிப்புக்கும் உழவுக்கும் நுழைவுச் சீட்டாகிவிட்டது. அந்தத் தாளில் பொய் இருந்தால் அதைத் திருத்தும் முறையும் அதே அளவுக்கு வலுவாக இருக்க வேண்டுமல்லவா?

இங்கேதான் 2005 சட்டத்தின் 21ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். தகவல் புதுப்பிக்கப்படாமல் இருந்தால் திருத்தச் சொல்லிக் கேட்கலாம், கேட்ட முப்பது நாளில் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அது. கேட்கும் உரிமையை யாருக்குத் தருகிறது? கடன் பெற்றவருக்கும் வாடிக்கையாளருக்கும். பிணை நிற்பவரும் அதில் அடங்குவார். இவர்களில் எவருமல்லாத, அந்த நிறுவனத்தின் பெயரையே கேள்விப்படாத ஒருவர் பற்றிச் சட்டம் யோசிக்கவே இல்லை. ஆள்மாறாட்டத்துக்கு ஆளானவர் நீதி கேட்க, முதலில் தன்னை அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளராகப் பாவித்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும்.

அதைவிடக் கடுமையானது அதே பிரிவின் நிபந்தனை. சம்பந்தப்பட்ட கடன் நிறுவனம் சரியென்று சான்றளித்தால்தான் திருத்தமோ நீக்கமோ செய்யலாம். விவகாரம் நீதிமன்றத்திலோ நடுவரிடமோ நிலுவையில் இருந்தால், கடன் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் உள்ளதே எடுத்துக்கொள்ளப்படும். ஆக, குற்றம் சாட்டியவரே சாட்சி, அவரே தீர்ப்பும் எழுதுவார். சிபிலுக்கு எழுதினால் அவர்கள் அந்தக் கடன் நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். ஆள் யாரென்று பார்க்காமல் கடன் கொடுத்த அதே நிறுவனம் தன் கணினியைத் திறந்து, ‘எங்கள் பதிவுகளின்படி விவரம் சரியானது’ என்று பதில் போட்டால் சிபிலைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. சிபில் ஊழியர்களைத் திட்டுவதில் பயனில்லை. சட்டம் அவர்கள் கையைக் கட்டிவைத்திருக்கிறது.

ரிசர்வ் வங்கி சும்மா இருக்கவில்லை. தகவலின் துல்லியத்தில் குறை, புகார்களை முப்பது நாளில் தீர்க்காதது போன்ற காரணங்களுக்காக 2023 ஜூனில் நான்கு நிறுவனங்களுக்கும் அபராதம் விதித்தது. நான்குக்கும் சேர்த்து ஏறத்தாழ ஒரு கோடி. அதே ஆண்டு அக்டோபரில் இழப்பீட்டு முறையை அறிவித்தது. 2024 ஏப்ரல் 26 முதல் அது நடப்பில் உள்ளது. புகார் கொடுத்த முப்பது நாளுக்குள் தீராவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய். கடன் நிறுவனம் இருபத்தொரு நாளுக்குள் திருத்திய விவரத்தை அனுப்பாவிட்டால் அது கொடுக்க வேண்டும். அது அனுப்பியும் தகவல் நிறுவனம் தாமதித்தால் இது கொடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடு, ஐயமில்லை. ஆனால் இது தாமதத்துக்கான தண்டனை. இருபதாம் நாளே ‘விவரம் சரியானது’ என்று தவறாகப் பதில் சொல்லும் நிறுவனத்துக்கு இந்த விதிப்படி ஒரு ரூபாய் செலவில்லை. மெதுவாக நியாயம் செய்பவரைவிட வேகமாக அநியாயம் செய்பவருக்கு இதில் லாபம்.

யாராவது உங்கள் அறிக்கையைப் பார்த்தால் குறுஞ்செய்தி வரவேண்டும், தவணை தவறியதாகத் தெரிவிக்கும்போதும் வரவேண்டும் என்றும் அப்போது உத்தரவிட்டார்கள். எந்த எண்ணுக்கு வரும்? பதிவில் உள்ள எண்ணுக்கு. திருட்டுக் கடனில் பதிவாகியிருப்பது திருடன் கொடுத்த எண் என்றால் எச்சரிக்கையும் அவனுக்கே போய்ச் சேரலாம்.

அமெரிக்கா இந்த வழியில் நமக்கு முப்பத்தைந்து ஆண்டு முன்னால் நடந்த நாடு. 1970இலேயே கடன் அறிக்கைச் சட்டம் இயற்றியது. அங்கும் சொர்க்கம் ஒன்றும் இல்லை. ஐந்தில் ஒரு நுகர்வோரின் ஏதாவது ஓர் அறிக்கையில் பிழை இருந்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2013இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. 2017இல் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்திலிருந்தே ஏறக்குறைய 14.7 கோடிப் பேரின் விவரங்கள் களவுபோயின. ஆனால் 2003இல் செய்த திருத்தத்தில் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அடையாளத் திருட்டு என்று முறையான அறிக்கையும் தன் அடையாளச் சான்றும் கொடுத்தால், சர்ச்சைக்குரிய பதிவை நான்கு வேலை நாளுக்குள் தகவல் நிறுவனம் மறைத்தாக வேண்டும். கடன் நிறுவனத்தின் சம்மதம் வேண்டியதில்லை. அதற்குத் தகவல் தெரிவித்தால் போதும். அப்படி மறைத்த கடனை வேறொரு வசூல் நிறுவனத்துக்கு விற்கவும் தடை. முதலில் மறை, பிறகு விசாரி என்பது அங்கே வரிசை. இங்கே முதலில் விசாரி, அதுவரை அப்படியே இருக்கட்டும் என்பது வரிசை. யார் பெயர் சந்தேகத்துக்கு இடமாக இருக்க வேண்டும் என்பதில் இரு சட்டங்களும் எதிரெதிரே நிற்கின்றன. தன் அறிக்கையை யாரும் பார்க்க முடியாதபடி முடக்கிவைக்கும் உரிமையையும் 2018 முதல் அங்கே கட்டணமின்றிச் சட்டமே தருகிறது. நம் 2005 சட்டத்தில் அப்படியோர் உரிமை இல்லை.

வங்கித் துறையினர் இதற்குச் சொல்லும் மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. புகார் கொடுத்தாலே பதிவு மறையும் என்றால், உண்மையாக வாங்கியவர்களும் ‘அது நானில்லை’ என்று கிளம்புவார்களே? அமெரிக்காவில் அப்படிச் செய்து கொடுக்கவே தரகர்கள் உண்டு, உண்மைதான். அதற்காகத்தான் பொய்ப் புகாருக்குத் தண்டனையும், மறைத்ததை மீண்டும் கொண்டுவரும் வழியும் அந்தச் சட்டத்திலேயே இருக்கின்றன. தவிர, டிஜிட்டல் கடனில் உண்மையைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பணம் எந்த வங்கிக் கணக்கில் போய் விழுந்தது என்று பார்த்தால் போதும். 2022 வழிகாட்டுதல்படி, சில விதிவிலக்குகள் நீங்கலாக, கடன் தொகை கடன் வாங்கியவரின் சொந்த வங்கிக் கணக்கில்தான் செலுத்தப்பட வேண்டும். அந்தக் கணக்கு புகார்தாரருடையது என்று காட்ட முடியாத நிறுவனம் இரண்டு தவறு செய்திருக்கிறது: ஆளைச் சரிபார்க்கவில்லை, விதியையும் மீறியிருக்கிறது. மெய்ப்பிக்கும் சுமையை அதன் தலையில் வைப்பதே முறை. 21ஆம் பிரிவின் நிபந்தனைக்கு ஒரே ஒரு விதிவிலக்கைச் சேர்த்தால் இது நடந்துவிடும்.

அந்தத் திருத்தம் வரும்வரை என்ன செய்வது? அறிக்கையில் தெரியாத பெயர் ஒன்று இருந்தால் உடனே திருட்டு என்று முடிவுகட்ட வேண்டாம். செயலியின் பெயர் ஒன்றாகவும், பின்னால் பணம் கொடுத்த வங்கிசாரா நிதி நிறுவனத்தின் பெயர் வேறாகவும் இருக்கும். தவணையில் வாங்கிய கைபேசி கூட நீங்கள் கேள்விப்படாத பெயரில் நிற்கலாம். பிணைக் கையெழுத்துப் போட்ட கடனும் உங்கள் அறிக்கையில் வரும். மைத்துனருக்காகப் போட்டதை மறந்திருப்பீர்கள். இவை எதுவும் இல்லை என்று உறுதியானால், தகவல் நிறுவனத்துக்கும் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் ஒரே நாளில் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ‘திருத்தவும்’ என்று மட்டும் எழுதினால் ‘சரிபார்த்தோம்’ என்று பதில் வரும். விண்ணப்பத்துடன் எடுத்த புகைப்படம், அடையாள ஆவணம், கைபேசி எண், பணம் செலுத்திய வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் காட்டும்படி கேட்டு எழுதுங்கள். பொய்யாகச் சரியென்று சொல்வது அப்போது எளிதாக இருக்காது.

காவல்துறைப் புகாரும் அவசியம். அடுத்தவரின் அடையாளத்தை மின்வழியில் மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். 1930 என்ற உதவி எண்ணிலோ சைபர் குற்றங்களுக்கான தேசிய இணையதளத்திலோ பதியலாம். உள்ளூர் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை போடத் தயங்கினாலும், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையாவது வாங்காமல் திரும்பாதீர்கள். ‘இரண்டாயிரம் ரூபாய்க்குப் போய் ஸ்டேஷனா?’ என்று வீட்டிலேயே கேட்பார்கள். வேறு சிலர், கட்டித் தொலைத்துவிடு என்பார்கள். கட்டக் கூடாது. கட்டினால் அந்தக் கடன் உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகும். முடிந்த கடனாக உங்கள் பெயரிலேயே அது நிலைத்திருக்கும்.

முப்பது நாள் கழித்தும் பதில் இல்லை, அல்லது பதில் ஏற்கத்தக்கதாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அதன் வரம்புக்குள் வந்துவிட்டன. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 2021ஆம் ஆண்டுத் திட்டப்படி ஏற்பட்ட இழப்புக்கு 20 லட்சம் வரையும், மன உளைச்சலுக்கும் அலைச்சலுக்கும் தனியாக ஒரு லட்சம் வரையும் ஈடு தர உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு இருந்தது. நாளுக்கு நூறு ரூபாயோடு ஒப்பிட்டால் இதுதான் பல் உள்ள வழி. வீட்டுக் கடன் மறுக்கப்பட்ட கடிதம், வேலை கைநழுவிய கடிதம் எல்லாவற்றையும் இதற்காகவே பத்திரப்படுத்த வேண்டும்.

கடைசியாக வாசகருக்கு ஒரு வேலை. ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தரவேண்டியது 2017 முதல் நான்கு நிறுவனங்களின் கடமை. நான்கையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று பிரித்து எடுத்தால் செலவில்லாமல் ஆண்டு முழுக்கக் கண்காணிக்கலாம். விளம்பரத்தில் வரும் ‘இலவச ஸ்கோர்’ செயலிகளை விட்டுவிட்டு, அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் எடுங்கள். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல், உங்கள் அறிக்கையை யார் யார் கேட்டுப் பார்த்தார்கள் என்ற கடைசிப் பக்கம் வரை படியுங்கள். நீங்கள் கடன் கேட்காத ஒரு நிறுவனத்தின் பெயர் பெரும்பாலும் முதலில் அங்கேதான் தட்டுப்படும்.